ஓபரானும் சமன்பாடும்: மாண்ட்ரியல் கருத்தரங்கு நினைவுகள்

மரபணு ஒழுங்குபடுத்தல் என்பது, ஒரு செல் தன்னிடமுள்ள மரபணுக்களில் எதை, எப்போது, எந்த அளவுக்குச் செயல்பட வைப்பது என்று தீர்மானிக்கும் ஏற்பாடாகும். அதில் பங்குகொள்ளும் புரதங்களையும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளையும் தனித்தனியே பிரித்து ஆராய்வதோடு நில்லாமல், அவை ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் காலப்போக்கில் எவ்வாறு ஒரு முழுமையாக இயங்குகின்றன என்பதைக் கணிதத்தின் துணையுடன் ஆராயும் துறை அமைப்பு உயிரியல் எனப்படுகிறது. 2000ஆம் ஆண்டையொட்டி இப்பெயர் உலகெங்கும் பரவியபோது, இதை எந்தத் துறையின் கூரையின்கீழ் வைப்பது என்று பல பல்கலைக்கழகங்கள் தடுமாறின. உயிரியலார் இதைக் கணக்கு என்றும், கணிதத்தார் இதை உயிரியல் என்றும் விலக்கி வைத்ததே அதற்குக் காரணம். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் அத்தடுமாற்றம் குறைவு. அங்குள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் துறையில், அப்பெயர் புழக்கத்துக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பிருந்தே, கணிதமும் இயற்பியலும் வேதியியலும் பயின்றவர்கள் மருத்துவ ஆய்வாளர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து விவாதிக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. 2000களின் முதற்பத்தாண்டில் அங்கு நடந்த கருத்தரங்குகளை, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட தமிழ் மாணவர் ஒருவரின் நினைவிலிருந்து பதிவுசெய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வழக்கத்தின் தொடக்கத்தை அறிய 1977ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு மெக்கிலைச் சேர்ந்த மைக்கேல் மேக்கி, லியோன் கிளாஸ் ஆகிய இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். இரத்த வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகி முதிர்ந்து இரத்தத்துக்கு வந்துசேரச் சில நாட்கள் பிடிக்கின்றன. ஆகவே இன்றைய உற்பத்தியைத் தீர்மானிப்பது இன்றைய எண்ணிக்கை அன்று, சில நாட்களுக்கு முன்பிருந்த எண்ணிக்கை. இந்தத் தாமதத்தை ஒரே ஒரு சமன்பாட்டில் எழுதிய அவர்கள், தாமதம் நீள நீள, நிலையாக இருந்த எண்ணிக்கை முதலில் சீராக ஏறி இறங்கவும், பின்னர் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் அலையவும் தொடங்குவதைக் காட்டினர். சின்ன வெங்காயத்தின் விலை ஏறிய மாதத்தில் எல்லா உழவர்களும் அதையே நட, அறுவடை ஒன்றாகச் சந்தைக்கு வந்து விலை சரிய, அடுத்த பட்டத்தில் எவரும் நடாமல் மீண்டும் விலை ஏறுவதைக் கண்ட தமிழ்நாட்டு வாசகருக்கு இதன் உட்பொருள் புதிதன்று. மேக்கி–கிளாஸ் சமன்பாடு என்று பெயர்பெற்ற அது, பின்னாளில் உடலியங்கியலைக் கடந்து, காலத்தொடர்களை முன்கணிக்கும் கணினி முறைகளைச் சோதிக்கும் உரைகல்லாகவும் பயன்பட்டு வருகிறது. இவ்விருவரைச் சுற்றி உருவான ஆய்வு மையத்துக்கு உடலியங்கியலிலும் மருத்துவத்திலும் நேரிலா இயக்கவியலுக்கான மையம் என்று பெயர் அமைந்தது. விளைவு காரணத்துக்கு நேர்விகிதத்தில் அமையாத இயக்கங்களை ஆராய்வதே நேரிலா இயக்கவியல்.

மரபணுக்களின் இயக்கத்தைச் சமன்பாடாக எழுதும் முயற்சி அதற்கும் மூத்தது. அதிலும் மாண்ட்ரியலுக்குப் பங்குண்டு. 1931இல் மாண்ட்ரியல் பகுதியில் பிறந்து, மெக்கிலில் உயிரியலும் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் பயின்ற பிரையன் குட்வின், ஒரு மரபணுவிலிருந்து உண்டாகும் பொருள் அந்த மரபணுவையே அடக்குமானால் செல்லுக்குள் ஓர் ஊசலாட்டம் தோன்றக்கூடும் என்று 1960களின் நடுவில் ஒரு மாதிரியை முன்வைத்தார். விளைபொருள் தன் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் இவ்வமைப்பு எதிர்மறைப் பின்னூட்டம் எனப்படும். 1968இல் கிரிஃபித் என்ற கணிதவியலார் அம்மாதிரியை ஆராய்ந்து, மூன்று படிகள் கொண்ட அவ்வமைப்பில் ஊசலாட்டம் தொடர வேண்டுமானால் அடக்குதலின் கூர்மையைக் குறிக்கும் அடுக்கு எட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று நிறுவினார். எட்டுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் ஒன்றுகூடி ஒரே இடத்தில் செயல்பட்டாலன்றி அத்தகைய கூர்மை எளிதில் வாய்க்காது. கருத்து அழகாக இருந்தும் எண் இடங்கொடுக்கவில்லை. 1973இல் கிளாஸும் ஸ்டூவர்ட் காஃப்மனும் சேர்ந்து எழுதிய கட்டுரை, மரபணுக்களை 'உண்டு', 'இல்லை' என்ற இருநிலைத் தருக்க உறுப்புகளாகக் கருதி, அத்தருக்கத்தையும் தொடர்ச்சியான வேதி வினைகளையும் இணைத்துக் காட்டியது. இம்முன்னோடிகளின் பெயர்கள் மெக்கில் கருத்தரங்குகளில் நூலகப் பெயர்களாக ஒலிக்கவில்லை. பேச்சாளர் ஒருவர் அக்கட்டுரைகளில் ஒன்றைச் சுட்டினால், அதை எழுதியவரே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற நிலை அங்கிருந்தது. அது இளம் ஆய்வாளர்களைக் கவனமாகப் பேச வைத்தது.

உடலியங்கியல் துறை அமைந்துள்ள மெக்கின்டயர் மருத்துவ அறிவியல் கட்டடம் மவுண்ட் ராயல் குன்றின் சரிவில் நிற்கும் வட்டக் கோபுரம். தாழ்வாரமும் வட்டமானதால், அறையைத் தேடிப் புறப்படும் புதியவர் நடந்து நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்வதுண்டு. பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில் ஈழத்தமிழர் கடைகளுக்கு நடுவே குடியிருந்த அம்மாணவர், 80ஆம் எண் பேருந்தில் பார்க் நிழற்சாலை வழியே இறங்கி வந்து, குளிர்காலத்தில் உறைந்த நடைபாதையில் பைன் நிழற்சாலையின் மேட்டைக் கவனமாக ஏறிச் செல்ல வேண்டியிருந்தது. கருத்தரங்கு ஆங்கிலத்தில் நடக்கும். குன்றின் மறுபுறத்திலுள்ள மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்திலும், அதன் வளாகத்தில் 1968 முதல் இயங்கும் கணித ஆய்வு மையத்திலும் நடக்கும் கூட்டங்களில் பிரெஞ்சும் சரளமாகப் புழங்கும். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு அனுப்பிய 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின் பயனாக, அந்நகரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வகுப்பில் பிரெஞ்சும் தெருவில் ஆங்கிலமுமாக வளர்ந்தனர். குன்றின் இருபுறக் கூட்டங்களையும் தடையின்றிப் பின்தொடர அது அவர்களுக்குக் கைகொடுத்தது. அறிவுத் துறைகளுக்கிடையே போய்வரும் பழக்கம் மொழிகளுக்கிடையே போய்வந்து பழகியவர்க்கு எளிதாகக் கைவருகிறது என்பது அம்மாணவர் தம் தோழர்களிடம் நேரில் கண்டது.

அக்கருத்தரங்குகளில் அடிக்கடி பேசப்பட்ட பொருள் டிரிப்டோபான் ஓபரான். ஒரே கட்டுப்பாட்டின்கீழ் அடுத்தடுத்து அமைந்து, ஒன்றாக ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும் மரபணுத் தொகுதி ஓபரான் எனப்படும். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ளத் தேவையான ஐந்து மரபணுக்களை இப்படி ஒரு தொகுதியாக வைத்திருக்கிறது. டிரிப்டோபான் வெளியிலிருந்து கிடைக்கும்போது இந்த உற்பத்தி வீண்செலவு. ஆகவே அதை நிறுத்த மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, டிரிப்டோபான் ஓர் அடக்கிப் புரதத்தோடு சேர்ந்து, ஓபரானின் தொடக்கத்தில் அமர்ந்து படியெடுத்தலையே தடுப்பது. இது உற்பத்தியை எழுபது மடங்கு அளவுக்குக் குறைக்கும். இரண்டாவது, சார்லஸ் யானோஃப்ஸ்கியின் ஆய்வுக்கூடம் கண்டறிந்த மட்டுப்படுத்தல்: தொடங்கிய படியெடுத்தல், முதல் மரபணுவை எட்டுமுன்பே பாதியில் முடிந்துபோவது. படியின் முகப்பில் பதினான்கு அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறு புரதத்துக்கான குறிப்பு உண்டு. அதில் டிரிப்டோபானுக்கான குறியீடு அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. டிரிப்டோபான் தட்டுப்பாடாக இருந்தால் புரதம் கோக்கும் ரைபோசோம் அவ்விடத்தில் தயங்கி நிற்கும். அந்தத் தயக்கத்தால் ஆர்.என்.ஏ. இழை மடியும் விதம் மாறி, படியெடுத்தல் தொடர்கிறது. தட்டுப்பாடு இல்லையேல் ரைபோசோம் கடந்துசெல்ல, இழை வேறுவிதமாக மடிந்து படியெடுத்தல் அறுபடுகிறது. இது மேலும் எட்டு முதல் பத்து மடங்கு கட்டுப்பாட்டைத் தரும். மூன்றாவது, ஏற்கெனவே உருவாகிவிட்ட, உற்பத்திப் பாதையின் முதல் நொதியின் மீது டிரிப்டோபானே ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்வது. முதலிரண்டும் மெதுவானவை, மூன்றாவது உடனடியானது.

இம்மூன்றையும் தாமதங்களோடு சேர்த்துச் சமன்பாடுகளாக்கி மொய்சேஸ் சாந்தியானும் மேக்கியும் 2001இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர். அதையொட்டி ஓர் இளம் ஆய்வாளர் நிகழ்த்திய பேச்சு அம்மாணவருக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. இயற்பியல் பயின்ற அவர் பலகையில் நான்கு சமன்பாடுகளை எழுதி முடித்தபோது, ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டு பாக்டீரியா வளர்த்த ஒருவர் கைதூக்கி, தாமதத்துக்கு இட்ட எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பேச்சாளர் பலகையின் ஓரத்தில் கணக்கிட்டுக் காட்டினார்: முதல் நொதியின் நீளம் 520 அமினோ அமிலங்கள், ரைபோசோம் விநாடிக்கு ஏறத்தாழ 15 அமினோ அமிலங்களைக் கோக்கும், ஆகவே 35 விநாடி. அதற்குரிய மரபணுவின் நீளம் 1560 எழுத்துகள். படியெடுக்கும் நொதி விநாடிக்கு ஏறத்தாழ 45 எழுத்துகளைக் கடக்கும். அதற்கும் 35 விநாடி. இரண்டையும் கூட்டி 70 என்று எழுதினார். கேட்டவர் எழுந்து வந்து, இரண்டாம் 35ஐ அடித்தார். பாக்டீரியாவில் உட்கரு இல்லை; படியெடுத்தல் முடியும்வரை ரைபோசோம் காத்திருப்பதில்லை, இழை வெளிவரத் தொடங்கியதுமே அதில் ஏறி, படியெடுக்கும் நொதியின் பின்னாலேயே ஓடிவருகிறது; மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பதால் 45உம் 15உம் ஒரே வேகம்; ஆகவே இரு தாமதங்களும் கூடுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று அவர் விளக்கினார். அறையிலிருந்த கணித மாணவர்களில் பலர் உட்கருவற்ற செல்லின் இந்த இயல்பை ஒரு சமன்பாட்டின் உறுப்பாகக் கண்டது அதுவே முதல்முறை. உயிரியல் மாணவர்களோ பாடநூலில் மனப்பாடம் செய்திருந்த ஒரு செய்தி கணக்கின் விடையையே மாற்றுவதைக் கண்டனர்.

அதைத் தொடர்ந்து எழுந்த விவாதம் பேச்சைவிட நீண்டது. தாமதம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நல்ல ஊட்டத்தில் அந்தப் பாக்டீரியா இரண்டாகப் பிரிய இருபது நிமிடமாகிறது. ஆகவே வெள்ளணுக்களில் காணப்படுவது போன்ற அலைவை இங்கே எதிர்பார்க்க இடமுண்டா? தாமதம் நீண்டதா குறுகியதா என்பது கடிகாரத்தைப் பொறுத்ததன்று, அந்த அமைப்பு தன் இயல்பில் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது என்பதை அன்று அந்த அறை ஒருவாறு ஒப்புக்கொண்டது. மாதிரி தந்த வளைகோடுகள், 1994இல் யானோஃப்ஸ்கியும் ஹார்னும் வெளியிட்ட சோதனை முடிவுகளோடு ஒப்பிடப்பட்டன. டிரிப்டோபான் உள்ள ஊடகத்தில் வளர்ந்த பாக்டீரியாவை அது இல்லாத ஊடகத்துக்கு மாற்றி, நொதியின் செயல்திறன் நிமிடத்துக்கு நிமிடம் எப்படி ஏறுகிறது என்று அளந்த சோதனைகள் அவை. மட்டுப்படுத்தல் பழுதுபட்ட திரிபு வகைகளும் அவற்றில் அடங்கும். இயல்பான வகைக்குப் பொருந்தும் சமன்பாடு திரிபு வகைகளுக்கும் பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு என்று உயிரியலார் வற்புறுத்தியது முற்றிலும் நியாயமான கோரிக்கை. விருப்பம்போல் மாற்றக்கூடிய எண்கள் பல இருந்தால் எந்த வளைகோட்டையும் எந்தச் சமன்பாட்டோடும் பொருத்திவிடலாம். ஒவ்வொரு எண்ணும் தனித்தனிச் சோதனையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கண்டிப்பே மெக்கில் மரபின் உண்மையான சிறப்பு.

லாக்டோஸ் ஓபரான் வேறொரு பாடம் புகட்டியது. பிரான்சுவா ஜேக்கபும் ஜாக் மோனோவும் 1961இல் விளக்கிய இந்த ஓபரான், பால் சர்க்கரையான லாக்டோஸைச் செல்லுக்குள் கொண்டுவந்து சிதைக்கும் புரதங்களைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே வரும் சர்க்கரை, தன்னை உள்ளே கொணரும் புரதத்தின் உற்பத்தியையே கூட்டுவதால் இது நேர்மறைப் பின்னூட்டம். நோவிக், வைனர் ஆகிய இருவரும் 1957இலேயே, ஒரே ஊடகத்தில் வளரும் ஒரே மரபினவான செல்களில் சில முழுமையாக இயங்க, மற்றவை முழுமையாக அடங்கிக் கிடப்பதைக் கண்டிருந்தனர். புறச்சூழல் ஒன்றாகவே இருந்தும் இரு வேறு நிலைகளில் ஏதேனும் ஒன்றில் நிலைத்து நிற்கும் இப்பண்பு இருநிலைத்தன்மை எனப்படும். செல் எதில் நிற்கும் என்பதை அதன் கடந்தகாலம் தீர்மானிக்கிறது. செல் சிதைக்க இயலாத செயற்கைச் சர்க்கரைப் போலிகளில் இது தெளிவாகத் தெரிகிறது. உண்மையான லாக்டோஸில் தெரியுமா என்பது அக்காலத்தில் சூடான விவாதம். யில்டிரிம், சாந்தியான், மேக்கி, செரோன் ஆகியோர் வெவ்வேறு கூட்டாக எழுதிய கட்டுரைகள் 2003 முதல் 2007 வரை இவ்வினாவையே சுற்றி வந்தன. சாந்தியானும் டைரன்–காமின்ஸ்காவும் செரோனும் மேக்கியோடு சேர்ந்து 2016இல் வெளியிட்ட நூலில் இவ்வாய்வுகளின் சாரத்தைக் காணலாம்.

இத்தனைக்கும் அடிப்படையான ஒரு குறை அதே அறையில் வெளிப்பட்டது. லாக்டோஸ் அடக்கிப் புரதம் ஒரு செல்லில் பத்து என்ற அளவிலேயே இருக்கிறது. பத்து மூலக்கூறுகளை ஒரு செறிவாகக் கருதி, சற்றே கூடியது, சற்றே குறைந்தது என்று தொடர்ச்சியான சமன்பாட்டில் எழுதுவது எவ்வளவு பொருந்தும்? ஒன்று குறைந்தாலே பத்து விழுக்காடு குறைந்துவிடுகிறதே! இவ்வினாவுக்குச் சோதனை வழியில் விடைகண்டவர்களுள் ஒருவரான பீட்டர் ஸ்வெய்ன் அக்காலத்தில் மெக்கில் மையத்தில் பணியாற்றினார். எலோவிட்ஸ், லெவின், சிக்கியா ஆகியோரோடு அவர் 2002இல் வெளியிட்ட ஆய்வின் அமைப்பு மிக எளியது: ஒரே பாக்டீரியாவில், ஒரே வகையான தொடக்கப் பகுதியின் கட்டுப்பாட்டில், இரு வேறு நிறங்களில் ஒளிரும் இரண்டு புரதங்களின் மரபணுக்களை வைத்தனர். செல்லின் பொதுநிலைதான் ஏற்றத்தாழ்வுக்குக் காரணமென்றால் இரு நிறங்களும் சேர்ந்தே கூடிக் குறைய வேண்டும். அப்படியன்றி ஒரு செல் சிவப்பாகவும் பக்கத்துச் செல் பச்சையாகவும் படத்தில் தெரிந்தால், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சந்திப்பதிலுள்ள தற்செயலே அதற்குக் காரணம். முன்னதைப் புற இரைச்சல் என்றும் பின்னதை அக இரைச்சல் என்றும் பிரித்து அளந்தனர். நிறங்கள் கணினியில் இட்டவை என்றாலும், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சிதறிக் கிடந்த அந்தச் செல்களின் படம் திரையில் விழுந்தபோது, நிகழ்தகவுக் கணிதத்தைத் தேர்வுக்காக மட்டுமே படித்திருந்தவர்கள் அது உயிருக்குள் நடப்பதைக் கண்ணால் கண்டனர்.

ஒழுங்குபடுத்தல் படியெடுத்தலோடு முடிவதில்லை என்பதையும் மாண்ட்ரியல் நகரமே கற்றுக்கொடுத்தது. மெக்கிலில் 1979 முதல் பணியாற்றும் நாகம் சோனன்பெர்க், தூது ஆர்.என்.ஏ.வின் முகப்பைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை அடையாளம் கண்டவர். புரதம் கோக்கத் தொடங்கும் கட்டத்திலும் செல் கட்டுப்பாடு செலுத்துவதை அவரது ஆய்வுகள் நிறுவின. மைக்கேல் மீனியும் மோஷே ஸீஃபும் தம் குழுவினரோடு 2004இல் வெளியிட்ட ஆய்வு, தாய் எலி குட்டியை நக்கிப் பேணும் அளவுக்கேற்ப, குட்டியின் மூளையில் மன அழுத்த ஹார்மோனின் ஏற்பிக்கான மரபணுவின் மீதுள்ள மெத்தில் என்ற வேதிக் குறிகள் வேறுபடுவதைக் காட்டியது. சமன்பாட்டாளர்கள் இக்கண்டுபிடிப்புகளை உடனே தம் மாதிரிகளில் சேர்த்துவிடவில்லை. விநாடிகளில் நிகழும் வினைகளையும் ஒரு வாழ்நாள் முழுதும் நிலைக்கும் குறிகளையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் அடக்குவது கடினம். பிற்காலத்தில் மெக்கில் இயற்பியல் துறைக்கு வந்த பால் பிரான்சுவா, கட்டுப்பாட்டு வலையமைப்புகளைக் கணினிக்குள்ளேயே பரிணமிக்கச் செய்யும் வேறொரு வழியைக் கையாண்டார்.

தமிழ் வாசகர் இந்நினைவுகளை எங்கோ குளிர்நாட்டில் நடந்த செய்தியாகக் கொள்ள வேண்டியதில்லை. சென்னையில் 1962இல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனத்தில் மரபணு வலையமைப்புகளை ஆராயும் கணினி உயிரியல் குழு உண்டு, சென்னை ஐ.ஐ.டி.யில் அமைப்பு உயிரியல் கற்பிக்கப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் துறைகள் தரமணியிலும், அண்ணா பல்கலைக்கழகம் கிண்டியிலும் இருக்கின்றன. இவை நான்கும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவ பீடமும் அறிவியல் பீடமும் ஒரே நகரில் உள்ளன. மெக்கிலில் அத்தனை விவாதங்களுக்கும் தேவைப்பட்டவை ஓர் அறை, ஒரு பலகை, மாதத்தில் சில மாலைகள், எந்த எண்ணையும் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை ஆகியவையே. இந்நிறுவனங்களின் துறைத்தலைவர்கள் மாதம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கி, கணித மாணவரையும் உயிரியல் மாணவரையும் ஒன்றாக உட்காரவைக்க வேண்டும். விவாதம் தமிழிலும் நடக்க இடந்தர வேண்டும். முதல் கூட்டத்துக்கு டிரிப்டோபான் ஓபரானையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய எண்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அளக்கப்பட்டு அச்சில் கிடைக்கின்றன.